2,000 ரூபாய் ஹேண்டி, 60,000 ரூபாய் ஹேண்டி: கூடுதல் காசு எதற்குப் போகிறது?

பொழுதுபோக்காக ரேடியோவில் பேச உரிமம் தரும் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி, அழைப்புக்குறி (உரிமத்தோடு வரும் ரேடியோ பெயர்) கைக்கு வந்ததும் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஹேண்டி வாங்கலாம்?" ஹேண்டி என்றால் கையில் பிடித்துப் பேசும் ரேடியோ. கேள்வி சின்னது. ஆனால் சந்தையைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு முனையில் பாவ்ஃபெங் யுவி-5ஆர், சுமார் 25 டாலர். மறுமுனையில் கென்வுட் டிஎச்-டி75, 700 டாலருக்கு மேல். இரண்டும் கைக்குள் அடங்கும். இரண்டும் 2 மீட்டர் பேண்டிலும் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) 70 சென்டிமீட்டர் பேண்டிலும் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பேசும். சக்தியும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: அது 4 வாட், இது 5 வாட். அப்படியிருக்க விலை மட்டும் ஏன் முப்பது மடங்கு?

முதலில் தூரத்தைப் பேசி முடித்துவிடலாம். விலை கூடினால் தூரமும் கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. இந்த அலைவரிசைகளில் ரேடியோ அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது ஆன்டெனாவின் உயரம். தரையிலிருந்து உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கையில் ஹேண்டி பிடித்து நிற்பவரின் ஆன்டெனா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 5 கிலோமீட்டர். இருவரும் அப்படியே நின்றால், நடுவில் ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில் 10 கிலோமீட்டர். ஊருக்குள், கட்டடங்களுக்கு நடுவே, 2 அல்லது 3 கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. அதே ஆள் ஏற்காட்டுக்குப் போய்ச் சேலம் பக்கம் திறந்த விளிம்பில் நின்றால் கதையே வேறு. சமவெளியிலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் அடிவானம் 140 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அங்கே 25 டாலர் ஹேண்டி போகும் தூரமும் 700 டாலர் ஹேண்டி போகும் தூரமும் ஒன்றுதான். 4 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இருப்பது ஒரு டெசிபல் வித்தியாசம். கேட்பவர் காதுக்கு அது தெரியாது.

தூரம் வேண்டும் என்றால் ஆன்டெனாவில் செலவு செய்யுங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 50 சென்டிமீட்டர். பெட்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவின் நீளம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. சுருளாகச் சுற்றி அடக்கியிருக்கிறார்கள். 2,000 ரூபாய் ஹேண்டியோடு வருவதும் 60,000 ரூபாய் ஹேண்டியோடு வருவதும் இந்த வகையில் ஒரே குடும்பம்தான். நீளமான ஆன்டெனா ஒன்று வாங்கி மாட்டினால் உடனே வித்தியாசம் தெரியும். இன்னொரு வழிக்குச் செலவே கிடையாது: 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை எடுத்து, ஆன்டெனா மாட்டும் இடத்திலுள்ள உலோக வளையத்தில் ஒரு முனையைச் சுற்றி, மறுமுனையைக் கீழே தொங்கவிடுங்கள். 2 மீட்டரில் உங்கள் சிக்னல் மேம்படுவதை எதிர்முனையில் இருப்பவரே சொல்வார். ஆன்டெனா வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். நாகோயா என்ற ஆன்டெனா நிறுவனத்தின் பெயரில் போலிகள் ஏராளம். அப்புறம், பாவ்ஃபெங்கில் ரேடியோ பக்கம் ஊசி இருக்கும். யேஸு, ஐகாம் ஹேண்டிகளில் ரேடியோ பக்கம் துளை இருக்கும். ஒன்றுக்கு வாங்கிய ஆன்டெனா இன்னொன்றில் சேராது.

சரி, தூரத்தில் வித்தியாசம் இல்லை என்றால் எதில்? என் கணிப்பில் முக்கியமானவை இரண்டு. வேண்டாத சிக்னலை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்று; வேண்டாத சிக்னலை வெளியே விடாமல் தடுப்பது இன்னொன்று. மற்ற வசதிகள் எல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான்.

யுவி-5ஆர் 2012 வாக்கில் வந்தது. அது இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு சிப். ஷாங்காயைச் சேர்ந்த ஆர்டிஏ மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஆர்டிஏ1846 என்ற சிப், ஒரு வாக்கி-டாக்கிக்கு வேண்டிய வேலைகளில் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறது. அதோடு ஒரு சக்திப் பெருக்கி, ஒரு சிறு கட்டுப்பாட்டு சிப், திரை, பேட்டரி என்று சேர்த்தால் ஹேண்டி தயார். ஆன்டெனாவில் வரும் சிக்னலை இந்த சிப் கிட்டத்தட்ட நேராகவே தாழ்ந்த அலைவரிசைக்கு இறக்கி, டிஜிட்டலாக்கி, அதன் பிறகு வடிகட்டுகிறது. பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. ஆனால் வடிகட்டுவது கடைசியில் என்பதால், வாசலில் பெரிய காவல் இல்லை.

பழைய பாணியில் செய்த ஹேண்டி ஒன்றோடு ஒப்பிடலாம். யேஸு எஃப்டி-60ஆர் 2004-ல் வந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. கடைசிக் காலத்தில் அதன் விலை சுமார் 150 டாலர். அதில் இருப்பது இரட்டை மாற்ற சூப்பர்ஹெட் ரிசீவர், அதாவது அலைவரிசையை இரண்டு படியாக இறக்கி வடிகட்டும் வகை. உள்ளே வரும் சிக்னல் முதலில் பேண்டு ஃபில்டரைத் தாண்ட வேண்டும். பிறகு 47.25 மெகாஹெர்ட்ஸுக்கு மாறி அங்கே ஒரு ஃபில்டர். பிறகு 450 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி அங்கே இன்னொரு ஃபில்டர். படிக்குப் படி வேண்டாதது கழிகிறது.

விவரக்குறிப்பில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இரண்டின் உணர்திறனும் 0.2 மைக்ரோவோல்ட் வாக்கில்தான் போட்டிருக்கும். அமைதியான ஊரில், வயல்வெளியில், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே ரிப்பீட்டரை (உயரமான இடத்தில் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தை) கேட்டால் எது எந்த ரேடியோ என்று சொல்ல முடியாது. பெருநகரத்தில், மொட்டை மாடியில், வெளி ஆன்டெனாவை மாட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். பக்கத்தில் எஃப்எம் வானொலிக் கோபுரம், செல்போன் கோபுரங்கள், போலீஸ் வயர்லெஸ், வாகன நிறுவனங்களின் வாக்கி-டாக்கிகள். பெரிய ஆன்டெனா இவை எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்து சிப்பின் வாசலில் கொட்டும். சந்தை இரைச்சலில் எதிரே நிற்பவர் மெல்லப் பேசினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கேட்டுக்கொண்டிருந்த குரல் திடீரென்று மங்கும். யாரும் பேசாதபோதே ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் வசதி) திறந்து கரகரவென்று சத்தம் வரும். சிக்னல் பட்டை முழுதும் ஏறி நிற்கும், ஆனால் ஒன்றும் கேட்காது. "நல்ல ஆன்டெனா மாட்டினேன், கேட்பது குறைந்துவிட்டது" என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான். ஆன்டெனாவில் குறை இல்லை; அது கொண்டுவருவதைத் தாங்கும் ரிசீவர் இல்லை.

ஜப்பானியப் பெயர் இருந்தால் போதும் என்றும் நம்பிவிடக் கூடாது. யேஸுவே எஃப்டி-4எக்ஸ் போன்ற மலிவு மாடல்களில் நேரடி மாற்ற ரிசீவரைத்தான், அதாவது ஒரே படியில் இறக்கும் வகையைத்தான் வைத்தது. ஆகவே வாங்கும் முன் கையேட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, ரிசீவர் எந்த வகை என்ற ஒரு வரியைப் படியுங்கள். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்ட எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.

இனி வெளியே போகும் சிக்னல். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இதனால் சிரமப்படுவது வாங்கியவர் அல்ல, மற்றவர்கள். 145 மெகாஹெர்ட்ஸில் பேசும் எந்த டிரான்ஸ்மிட்டரும் 290-லும் 435-லும் கொஞ்சம் சக்தியைச் சிந்தும். இவை ஹார்மோனிக்குகள். பல நாடுகளில் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை ராணுவ விமானப் போக்குவரத்துக்கு ஒதுக்கப்பட்டது. 290 அதற்குள் வருகிறது. 435 நம் சொந்த 70 சென்டிமீட்டர் பேண்டுக்குள்ளேயே விழுகிறது. சக்திப் பெருக்கிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே சுருள்களும் கெப்பாசிட்டர்களும் கொண்ட லோ-பாஸ் ஃபில்டர் வைத்து இதைத் தடுக்க வேண்டும். இப்படிக் கசியும் சக்தி, 25 வாட் வரையிலான விஎச்எஃப் அமெச்சூர் டிரான்ஸ்மிட்டர்களில் 25 மைக்ரோவாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க விதி. 5 வாட் ஹேண்டிக்கு அது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. கடினமான கணக்குதான், ஆனால் எட்ட முடியாதது இல்லை. அமெரிக்க ஹாம்களின் (அமெச்சூர் ரேடியோக்காரர்களின்) அமைப்பான ஏஆர்ஆர்எல், ஹாம் சந்தைகளுக்கு வந்தவர்களின் ஹேண்டிகளை வாங்கிச் சோதித்து, 2015-ல் தன் கியூஎஸ்டி இதழில் முடிவுகளை வெளியிட்டது. யேஸு, ஐகாம், கென்வுட் ஹேண்டிகள் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறின. பாவ்ஃபெங்கில் பெரும்பகுதி தோற்றது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஒரே மாடலில் ஒன்று சுத்தமாக இருக்கும், இன்னொன்று அழுக்காக இருக்கும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க ஃபில்டர் பாகங்களை மாற்றுவதும், பெட்டியில் அடைக்கும் முன் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்காததும் இப்படித்தான் வெளிப்படும். "என்னுடையது நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அடுத்தவர் வாங்குவதற்கு அது உத்தரவாதம் ஆகாது. விலை உயர்ந்த ஹேண்டியில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் இந்த உத்தரவாதத்துக்கு.

யுவி-5ஆர் 136 முதல் 174 வரையிலும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் எங்கே வேண்டுமானாலும் டிரான்ஸ்மிட் செய்யும். இந்தியாவில் ஹாம்களுக்கு அனுமதி 144–146, 434–438 மட்டும். நடுவிலும் வெளியிலும் இருப்பவை காவல்துறையும் வனத்துறையும் கப்பல்களும் பேசும் இடங்கள். கடலில் ஆபத்துக் காலத்தில் அழைக்கும் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. மீன்பிடிப் படகுகளும் அதைக் கேட்கின்றன. எண்களைத் தவறாகத் தட்டிவிட்டு, பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தினால் யுவி-5ஆர் தடுக்காது. ஜப்பானிய ஹேண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே டிரான்ஸ்மிட்டை ஹாம் பேண்டுக்குள் பூட்டியிருக்கும். 2018 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், பாவ்ஃபெங் யுவி-5ஆர் வி2+ ஐ விற்ற ஒரு நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியதற்கு, இப்படி அனுமதிக்கு வெளியே டிரான்ஸ்மிட் செய்ய முடிவது ஒரு காரணம். இந்தியாவில் 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளில் வாக்கி-டாக்கி விற்பதற்கு வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தது; முறையான அனுமதி விவரம் இல்லாமல் விற்பனைக்குப் போட்டிருந்த தளங்களுக்கு நோட்டீஸும் போனது. உரிமம் கைக்கு வரும் முன் ஹேண்டியை வாங்கி வைக்காதீர்கள். வாங்கும்போது உபகரண வகை ஒப்புதல் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கையாளும் விதத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் தினமும் இடறுவது அங்கேதான். யுவி-5ஆரில் ஒரு ரிப்பீட்டரைக் கையால் பதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டு இன்னொன்றில் அனுப்பும்; ஹேண்டிக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். அலைவரிசையைத் தட்டி, மெனு 25-ல் டிரான்ஸ்மிட் அலைவரிசை அதற்கு மேலா கீழா என்று சொல்லி, 26-ல் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி கொடுத்து, 13-ல் ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் தேர்ந்து, 27-ல் சேமிக்க வேண்டும். சேமித்தது கேட்கும் அலைவரிசை மட்டும். இப்போது டிரான்ஸ்மிட் அலைவரிசைக்கு மாறி, மறுபடி 27-க்குப் போய் அதே எண்ணில் அதையும் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அறிவிக்கும். அந்த எண்ணில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் முதலில் 28-க்குப் போய் அழித்துவிட்டு வர வேண்டும். எஃப்டி-60ஆரில் டயலைச் சுழற்றி அலைவரிசைக்கு வந்தால், அந்தந்த நாட்டு வழக்கப்படி இடைவெளியை அதுவே போட்டுக்கொள்ளும். டோன் வைத்து, எஃப் பொத்தானைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து, எண் தேர்ந்து, மறுபடி அழுத்தினால் முடிந்தது. ஒலியளவும் ஸ்குவெல்ச்சும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குமிழ்கள். மலையேறும்போது, மழையில், கையுறையோடு, திரையைப் பார்க்காமல் ஸ்குவெல்ச்சைச் சரிசெய்ய முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று ஒரு தடவை தேவைப்பட்டால் புரியும். பாவ்ஃபெங்கில் அது மெனு 0. 1 முதல் 9 வரை எந்த எண்ணை வைத்தாலும் பெரிய மாற்றமும் தெரியாது.

கணினி இருந்தால் மெனுக்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிர்ப் (CHIRP) என்ற இலவச மென்பொருளில் அட்டவணை போல நிரப்பி, கேபிள் வழியாக ஏற்றிவிடலாம். மலிவு ஹேண்டிகள் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். கேபிளில் மட்டும் கவனம் வேண்டும். மிக மலிவான கேபிள்களுக்குள் போலி சிப் இருக்கும். விண்டோஸ் அதை ஏற்காமல் அடம் பிடிக்கும்.

உச்ச விலையில் என்ன கிடைக்கிறது? கென்வுட் டி75-ல் ஏபிஆர்எஸ் (இருப்பிடத்தையும் சிறு செய்திகளையும் ரேடியோவில் அனுப்பும் முறை), டி-ஸ்டார் (டிஜிட்டலாகப் பேசும் முறை), ஜிபிஎஸ், சிற்றலைகளையும் கேட்கும் ரிசீவர். ஐகாம் ஐடி-52-ல் டி-ஸ்டாரும் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் உடலும். யேஸு எஃப்டி-5டி-யில் சி4எஃப்எம் என்ற இன்னொரு டிஜிட்டல் முறை. எல்லாம் நல்ல கருவிகள். ஆனால் டி-ஸ்டாரும் சி4எஃப்எம்மும் டிஎம்ஆர் என்ற மூன்றாவது முறையும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் எந்த டிஜிட்டல் ரிப்பீட்டர் இருக்கிறது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றை வாங்கினால், கொடுத்த காசில் பாதி தூங்கும். உள்ளூர் ஹாம்கள் மாலையில் சந்திப்பது சாதாரண எஃப்எம்மில் என்றால் அதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை. விலை கூடினால் எல்லா வசதியும் இருக்கும் என்றும் இல்லை. செயற்கைக்கோள் வழியாகப் பேசும்போது, அனுப்பிக்கொண்டே நம் குரல் திரும்பி வருவதைக் கேட்பது மிகவும் உதவும். கென்வுட்டின் பழைய டிஎச்-டி72 அதைச் செய்தது. அடுத்து வந்த டி74 செய்யாது. அந்த டி74-க்கும் ஒரு சோதனை வந்தது. 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை எரிந்துபோனது. பாகங்கள் கிடைக்காமல் டி74 நின்றுபோனது. டி75 கடைக்கு வர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

மலிவுப் பக்கத்திலும் எல்லாம் ஒன்றல்ல. 2023-ல் வந்த குவான்ஷெங் யுவி-கே5 கிட்டத்தட்ட பாவ்ஃபெங் விலைதான். ஆனால் அதன் ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் மென்பொருளை) ஆர்வலர்கள் பிரித்து ஆராய்ந்து, தாங்களே புதிதாக எழுதினார்கள். இப்போது அந்தச் சின்னத் திரையில் அலைவரிசைப் பட்டையையே வரைந்து பார்க்கலாம். ஏர்பேண்டில் விமானங்கள் பேசுவதையும் ரிசீவர் எடுக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகத்தை நான் பார்க்கவில்லை. வடிகட்டியில் மட்டும் அதற்கும் பாவ்ஃபெங்கின் குறைகள் உண்டு.

ஆக, நான் என்ன சொல்வேன்? சிறிய ஊரில் இருக்கிறீர்கள், ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கிறது, இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் மலிவு ஹேண்டி ஒன்று, கூடவே நல்ல ஆன்டெனா. பெருநகரத்தில் இருந்தால், மலையுச்சிகளிலிருந்து பேசுபவர் என்றால், வெள்ளம் புயல் நேரங்களில் உதவிக்குப் போகும் குழுவில் இருந்தால், எஃப்டி-60ஆர் போன்ற நடுத்தர விலைச் சூப்பர்ஹெட் ஹேண்டி. மழையிலேயே நிற்க வேண்டி வரும் என்றால், தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும்படி செய்த யேஸு விஎக்ஸ்-6ஆர். யுவி-5ஆருக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது. 60,000 ரூபாய் கருவி ஏபிஆர்எஸ்ஸும் டிஜிட்டலும் உண்மையிலேயே பயன்படுத்துபவருக்கு மட்டும்.

பழைய ஹேண்டி வாங்குவது நல்ல யோசனை. எஃப்டி-60ஆருக்கு நிக்கல் பேட்டரிதான் வரும். பழையதில் அது செத்துப்போயிருக்கலாம், விலை பேசும்போது அதையும் கழியுங்கள். ஏஏ செல் போடும் உறை கிடைத்தால் சேர்த்தே வாங்குங்கள், மின்சாரம் இல்லாத நாட்களில் பெட்டிக்கடை பேட்டரியில் ஓடும். எந்த விலை ஹேண்டியானாலும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உரிமம் உள்ள ஒருவர் 145.000 மெகாஹெர்ட்ஸ் காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அழைப்புக்குறி சொல்லிச் சில விநாடிகள் பேசட்டும். இன்னொருவர் வேறொரு ஹேண்டியை 435.000-ல் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து போகட்டும். பக்கத்தில் இருக்கும்போது கேட்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், கேட்கும் ரேடியோ திணறினாலும் அப்படித்தான் இருக்கும். சுத்தமான ஹேண்டி என்றால் கொஞ்ச தூரத்திலேயே குரல் காணாமல் போகும். ஒரு தெரு தாண்டி, இரண்டு தெரு தாண்டியும் மும்மடங்கு விரிந்த கரகரத்த குரல் 435-ல் வந்துகொண்டே இருந்தால், அந்த ஹேண்டியை விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.